பெட்டியில் படுத்த ஜின்சி

புதுக்கடை ஊரில் இன்றைக்கு ரீல்ஸ் போடாத கடை உண்டா? பேக்கரிக்காரர் கேக்கின் மேல் க்ரீம் வழிவதைப் போடுகிறார். கோழிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பாட்டுக்கு ஆடுகிறார். பல் டாக்டர்கூட ஆளை வாயைப் பிளக்க வைத்துப் படம் பிடித்துப் போடுகிறார். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஜின்சி போட்டபோது மட்டும் ஊருக்கு மானம், மரியாதை, சகுனம் எல்லாம் ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் ஜின்சி விற்பது சவப்பெட்டி.

கடையின் பெயர் ஆறுதல். கட்டடம் நாராயணபெருமாளுக்குச் சொந்தம். முன்பக்கம் சந்திப்பைப் பார்த்து அவருடைய கல்யாணப் பட்டுக்கடை, கண்ணாடியும் விளக்குமாக ஜொலிக்கும். பின்பக்கம் சந்துக்குள் வாசல் வைத்த கடை ஜின்சியுடையது. வெகுநாள் பூட்டிக் கிடந்த இடம். ஜின்சியும் அவள் புருஷன் ஆன்ட்ரூஸும் வந்து கேட்டபோது, எலி ஓடுகிற இடத்துக்கு வாடகை வருகிறதே என்று சந்தோஷமாகத்தான் சாவியைக் கொடுத்தார். என்ன வியாபாரம் என்று தெரிந்தே கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆன்ட்ரூஸ் ஷார்ஜாவில் பலகை அடிக்கிற வேலைக்குப் போய், முதுகைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய ஆள். பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்து ஜின்சி பேசுவாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், கடல் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. கல்யாணத்துக்கு முன்பு, கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பெட்டியின் உள்பக்கத்துக்குத் துணி தைக்கிறாள், தலைக்கு ஒரு சின்னத் தலையணையும். "அதே சாட்டின், அதே ஃப்ரில். முந்தி கவுனப் போட்டுட்டு நிப்பாவ, இப்பம் படுக்காவ, அம்புட்டுத்தான்" என்று கேட்கிறவர்களின் வாயை அடைப்பாள்.

பெட்டி வாங்க வருகிறவர்கள் பெட்டியைப் பார்க்க மாட்டார்கள். சந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "ஒண்ணு வேணும்" என்பார்கள். என்ன வேணும் என்றும் சொல்ல மாட்டார்கள், எவ்வளவு உயரம் என்றும் சொல்ல மாட்டார்கள். செத்துக் கிடக்கிற ஆள்மேல் டேப்பை வைத்து அளக்க யாருக்கு மனசு வரும்? சில வீடுகளில் அதற்குப் பயமே உண்டு. ஒருத்தருக்கு அளந்த டேப் அடுத்த ஆளையும் தேடும் என்பார்கள். அதனால் கண் அளவுதான். கண் அளவு சொல்ல வருகிறவர்களோ பாதி அழுகையிலும் மீதி குடியிலும் இருப்பார்கள்.

சிலுவை செத்த அன்று வந்த வினை அதுதான். சிலுவை வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், எந்த வீட்டு வாசலிலும் குனியாமல் நுழைந்ததில்லை, அவ்வளவு உயரம். பெட்டிக்கு அவருடைய கூட்டாளி மரியஜான் வந்தார். "எம்புட்டு உசரம் அண்ணே?" என்று ஜின்சி கேட்டாள். மரியஜான் அழுத கண்ணோடு கடைக்குள் பார்த்து, இழைப்புளியோடு நின்ற ஆன்ட்ரூஸைக் கை காட்டினார். "இந்தா, இவனப்போலதான் இருப்பான்."

பெட்டியோடு ஜின்சியும் டெம்போவில் போனாள். துணியை விரித்துச் சரிசெய்து கொடுக்க அவள் எப்போதும் போவாள். சிலுவையைத் தூக்கி வைத்தால் ஆள் உள்ளே கொள்ளவில்லை. முழங்காலை மடக்க வேண்டி வந்தது, மூடி பொருந்தவில்லை. மாதா கோவில் மணி அடித்தாயிற்று, சாமியார் வாசலில் வந்து நின்றாயிற்று, வேறு பெட்டிக்குப் போய்வர நேரம் இல்லை. சிலுவையின் மகள் ஷெர்லி இரண்டு கையாலும் அப்பாவின் முழங்காலை அழுத்திக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் அமுங்கிக் கெடங்கப்பா, கொஞ்ச நேரம்" என்று கெஞ்சினாள். ஆணி அடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை கையை எடுக்கவில்லை. ஜின்சி வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் குனிந்து போன மனுஷனை மண்ணுக்குள்ளும் மடக்கி அனுப்பிவிட்டோமே என்று அழுதாள்.

நாராயணபெருமாளின் கடைக்கு வீடியோ எடுக்க நாகர்கோவிலில் இருந்து ரேஷ்மி என்ற பெண் வருவாள். அவள் வருகிற நாளில் கடை அமர்க்களப்படும். ஒருத்தி பட்டுச்சேலை கட்டி மாடிப்படியில் இறங்குவாள், ஒருவன் ஃபேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான், இன்னொருவன் ரோஜா இதழை வாரி எறிவான். மத்தியானச் சோற்றுக்கு மட்டும் ரேஷ்மி பின்பக்கம் ஜின்சியின் கடைக்கு வந்துவிடுவாள். சத்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

"ஏன் மோளே, பூவ வாரி எறிஞ்சா சேல வித்துப் போவுமா?" என்று ஒருநாள் ஜின்சி கேட்டாள்.

"சேல பிறவுதான் அக்கா. மொதல் மூணு செகண்டு ஆளப் புடிச்சு நிறுத்தணும். இல்லேண்ணா வெரலால தள்ளிட்டுப் போயிருவாவ. சும்மா நிக்க போட்டோவ எவனும் பாக்க மாட்டான், அசையணும். அதுலயும் ஒரு மொகம் வேணும். மொகத்தப் பாத்தாத்தான் நம்பிக்க வரும்."

"என் கடைக்கு யாரு மொகம்?"

ரேஷ்மி சுவரில் சாய்த்து வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள். ஜின்சி சிரிக்கவில்லை என்று கண்டதும், சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு யோசித்தாள். "நீங்கதான் அக்கா. வேற யாரு வருவா?"

முதல் வீடியோவில் ஜின்சி சாட்டின் துணி தைத்தாள். அவளுடைய நாத்தனாரும் சவுதியில் தம்மாமில் இருக்கிற ஒரு மச்சானும் பார்த்தார்கள். அடுத்ததில், டேப்புக்குப் பதிலாகக் கயிற்றால் எப்படி அளப்பது என்று ஒரு பலகையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குக் கீழே ஒரு பெண், 'அக்கா, சொல்ல எளுப்பம். எங்க அம்ம மேல எப்படிக் கயிறு வைப்பேன்?' என்று எழுதியிருந்தாள். ஜின்சி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நியாயம்தானே! செத்தவர்களை அளக்க முடியாது என்றால், உயிரோடு இருக்கிற ஆளைத்தான் அளவாகக் காட்ட வேண்டும். அப்படி ஓர் ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டால் வருவானா? எவன் வருவான்! அவளே படுத்தாள்.

வீடியோ தொடங்கும்போது ஒரு பெண் பெட்டிக்குள் கண் மூடிக் கிடக்கிறாள். பார்க்கிறவன் விரல் நின்றுவிடும். மூன்று செகண்டு கழித்து அவள் கண்ணைத் திறக்கிறாள். "பயப்படாதீங்க, நான் ஜின்சி. புதுக்கடை. உயிரோடத்தான் இருக்கேன். இஞ்ச பாருங்க, இது நடுத்தரப் பெட்டி. என் தலைக்கு மேல ஒரு சாண் மிச்சம் கெடக்கு, தோளுக்கு ரெண்டு பக்கமும் கை போவுது. ஒங்க ஆளு என்னவிட எம்புட்டு உசரம், எம்புட்டு தடிண்ணு ஒங்களுக்குத் தெரியும்லா? அதச் சொன்னாப் போதும். அளக்க வேண்டாம், தொட வேண்டாம். இனி இது பெரிய பெட்டி, இதுலயும் கெடந்து காட்டுதேன்." அப்படியே எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பெட்டியில் ஏறிப் படுத்தாள்.

அது காட்டுத்தீயாகப் பரவியது. குவைத்துக்குப் போயிற்று, தமாஷாக அனுப்பினார்கள், திட்டி அனுப்பினார்கள், எப்படியோ எல்லோரும் பார்த்தார்கள். கீழே வந்த கமெண்டுகளைச் சொன்னால் வாய் நாறும். 'புருஷன் சரியில்லையா?' என்று ஒருவன். 'மூடிய வெச்சு ஆணியும் அடிச்சிருக்கலாமே' என்று இன்னொருவன். ஜின்சி இரண்டு பேருக்கும் பதில் எழுதினாள். முதல் ஆளுக்கு, 'புருஷன் செஞ்ச பெட்டிதான், நல்ல வேலைக்காரன்.' அடுத்த ஆளுக்கு, 'ஒன் உயரம் என்ன மக்கா?'

பிறகு ஒரு காலைநேரம் போன் அடித்தது. ஒரு பெண் குரல், அழுது அழுது கம்மிப்போன குரல். "ஜின்சி அக்காவா? எங்க அப்பா ஒங்கள விட ஒரு தல உசரம் அக்கா. தோளு ஒங்க தோளப்போல ஒண்ணரை இருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். பெட்டி போயிற்று. அவர் நீட்டி நிமிர்ந்து உள்ளே கிடந்தார். மூடி ஒரு சத்தமும் இல்லாமல் பொருந்தியது. அன்றைக்கு ஜின்சி வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றாள்.

இதற்குள் நாராயணபெருமாளுக்குக் கொதித்துவிட்டது. சந்து வழியாகச் சுற்றிவரக்கூடப் பொறுமையில்லாமல், குடோன் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாகவே வந்தார். அவருக்குப் பின்னால் கடைப்பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஜின்சி, அந்தச் சவத்த இண்ணைக்கே அழிச்சிரு."

"எந்தச் சவத்த அண்ணாச்சி?"

"வெளயாடாத. கருங்கல் ஊர்லயிருந்து கல்யாண வீட்டுக்காரங்க வந்திருந்தாவ. பொண்ணு முகூர்த்தச் சேலயத் தோள்ல போட்டுட்டுக் கண்ணாடி முன்னால நிக்கா. போன நோண்டிட்டிருந்த அவ அத்தக்காரி 'ஐயோ'ண்ணு கத்துதா. என்னண்ணு பாத்தா நீ! பெட்டிக்குள்ள! என் கட்டடத்துக்குப் பின்பக்கம்ணு கீழ வழியும் எழுதியிருக்க. சேலய மடிச்சு வெச்சிட்டுப் போயிட்டாவ."

"அது போன் செய்த வேல அண்ணாச்சி. யாருக்குக் கல்யாணம், யாருக்கு அடக்கம்ணு அதுக்கு என்ன தெரியும்?"

"உயிரோட இருக்க பொம்பள பெட்டிக்குள்ள கெடக்கலாமா? அபசகுனம் புடிச்ச வேல."

ஜின்சி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணாச்சி, கரண்டு போனா சவம்ணு சொல்லுதீங்க. பில் மிஷின் நிண்ணா சவம்ங்கீங்க. நாள் முழுக்க ஒங்க வாயில அந்தச் சவம்தான் கெடக்கு. அது கெடக்கப் பெட்டி செய்தா மட்டும் அபசகுனமா?"

கடைப்பெண்களில் ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சேலை போனதைவிட அந்தச் சிரிப்புதான் மனுஷனுக்கு எரிந்திருக்கும். முகம் கறுத்துப் போயிற்று. "ஒண்ணு, வீடியோ போவணும். இல்லேண்ணா நீ போவணும். இந்த மாசம் முடியட்டும்."

"வீடியோ போவாது" என்றாள் ஜின்சி. யோசிக்கவே இல்லை.

யோசனை பிறகு வந்தது. கடற்கரையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சந்து பழகிவிட்டது. ஆன்ட்ரூஸின் முதுகை வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு விரலால் தொட்டால் வீடியோ போய்விடும், கடை மிஞ்சும், யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. ஜின்சி போனை எடுத்து, அழிக்கிற பொத்தான் வரைக்கும் போனாள். ஷெர்லியின் கை ஞாபகம் வந்தது. இதை அழித்தால் எங்கேயோ இன்னொரு பிள்ளை தகப்பன் முழங்காலை அழுத்திக்கொண்டு கெஞ்சும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புருஷனிடம் கேட்டாள்.

ஆன்ட்ரூஸ் தாடியைச் சொறிந்தார். "நான் செய்த பெட்டியில நீ கெடந்தது எனக்குப் பிடிக்கல்ல. பாத்த அண்ணு எனக்கு ஒறக்கம் வரல்ல." பிறகு சொன்னார்: "எண்ணாலும் அத அழிக்காத."

தேங்காய்ப்பட்டணம் ரோட்டில் ஒரு பழைய ரப்பர் புரை வாடகைக்குக் கிடைத்தது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையாக இருந்த இடம், சுவரெல்லாம் கரி. அவளும் ஆன்ட்ரூஸும் கழுவித் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் பெட்டிகளைக் கொண்டுபோக டெம்போ கேட்டால் ஸ்டாண்டில் ஒருவனும் வரச் சம்மதிக்கவில்லை. நாராயணபெருமாள் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர், டெம்போக்காரனுக்கு அவரால்தான் பிழைப்பு. வண்டி கிடைக்காமல் இவள் தவித்து, மாதக் கடைசியில் தன் முன்னால் வந்து நிற்பாள் என்று மனுஷன் நிம்மதியாக இருந்தார்.

ஜின்சி மரியஜானுக்குப் போன் போட்டாள். சிலுவை விஷயத்தில் மரியஜானுக்கு ஆறாத மனசு. கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வெள்ளை வேட்டி சட்டையோடு வள்ளத்து ஆட்களையும் மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மொத்தம் ஐந்து பெட்டிகள்.

"தலையில வெச்சுக்கங்க அண்ணே, எளுப்பமா இருக்கும்" என்றாள் ஜின்சி.

மரியஜான் அவளை முறைத்தார். "பெட்டியத் தலையிலயா? நாங்க தோள்லதான் எடுப்போம். வேற மாதிரி எடுக்க எங்களுக்குத் தெரியாது."

எடுத்தார்கள். எடுத்ததும் கால்களும் தானாக மெதுவாகிவிட்டன. யாரும் பேசவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பேசி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. ஜின்சி போனைப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடி முன்னால் பின்னோக்கி நடந்தாள். புதுக் கடைக்கு வழி காட்டி ஒரு வீடியோ போட வேண்டும், அவளுக்கு அன்றைக்கு வேறு எண்ணமே கிடையாது. சந்திலிருந்து வளைந்து சந்திப்புக்குள் நுழைந்தார்கள்.

சாயாக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து அத்தனை பேரும் எழுந்தார்கள். ஆட்டோக்கள் என்ஜினை அணைத்தன. நாகர்கோவில் பஸ் ஹாரன் அடிக்காமல் ஓரம் கட்டி நின்றது, ஜன்னலில் ஒரு பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கியது. பிணம் போகும்போது புதுக்கடை எப்போதும் செய்வதைத்தான் செய்தது. அப்போதுதான் ஜின்சிக்கு உறைத்தது.

மீன் சட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் கண் பெட்டிகளை எண்ணியது. "எந்தப் போட்டு கவுந்திச்சு மக்கா? அஞ்சு பேரா? எந்த ஊருப் போட்டு?"  புயல் வந்த வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு கரையில் நின்றவள்தான் ஜின்சியும்.

"இல்லம்மா, ஒண்ணுமில்ல! வெறும் பெட்டி. நான் கட மாத்துதேன்."

அந்தப் பெண் மூச்சை இழுத்து விட்டாள். ஜின்சியின் தோளில் பட்டென்று ஒன்று வைத்தாள். "ஏட்டி பாதகத்தி, என் ஈரக்கொலய அத்துட்டியே!" அடித்த கையாலேயே அவள் கன்னத்தைத் தடவினாள். "பெட்டி வெறுசாவே இருக்கட்டும் மக்கா. மாதாவே, வெறுசாவே இருக்கட்டும்."

ஆனால் இந்தப் பேச்சு சாலையின் அந்தப் பக்கத்துக்குக் கேட்கவில்லை. அங்கே பட்டுக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. படிக்கட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு, கடைப்பெண்கள் பின்னால் வரிசையாக நிற்க, நாராயணபெருமாள் கண்களை மூடிக் கைகூப்பி நின்றார். உதடு எதையோ முணுமுணுத்தது. ஒவ்வொரு பெட்டியாக ஐந்தும் கடந்து போயின. அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே போனோடு ஜின்சி நின்றாள்.

சாயங்காலம் அவர் புரைக்கு வந்துவிட்டார். வெறும் பெட்டியைக் கும்பிட்டார் என்று சந்திப்பில் சிரித்த சிரிப்பெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நீ எடுத்த வீடியோவுல நானும் இருக்கேனாமே?"

"இருக்கீங்க அண்ணாச்சி. நல்லாத் தெரியுது."

"பாரு ஜின்சி. நடந்தது நடந்து போச்சு. அதப் போடாத. மற்றதையும் அழிச்சிரு. பழைய கடய நாளைக்கே தொறந்து தாறேன், வாடகையும் ஏத்த மாட்டேன்."

ஆன்ட்ரூஸ் இழைப்பதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். மரியஜானும் பார்த்தார். ஜின்சி எழுந்து வாசலுக்குப் போனாள். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு தப்பும் செய்யல்ல. யாரோ போறாவண்ணு நெனச்சு எழும்பி நிண்ணீங்க, செருப்பக் கழத்துனீங்க, கும்பிட்டீங்க. ஒங்கள இம்புட்டு நல்ல மனுஷனா நான் ஒருநாளும் கண்டதில்ல. இத எதுக்கு அழிக்கணும்?"

 ஜின்சி அவர் முன்னாலேயே போனை எடுத்து, எழுத்துக் கூட்டி மெதுவாக அடித்து, சத்தமாக வாசித்தாள்: "புதுக்கடை வியாபாரிகள் எழுந்து நின்று மரியாதையோடு வழியனுப்பி வைத்த ஆறுதல் பெட்டிக் கடை, இனிமேல் தேங்காய்ப்பட்டணம் ரோட்டில்."

"சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பொத்தானை அழுத்தினாள்.